வெப் என்னும் ஓட்டைப் பூட்டு

1997இல் வைஃபைக்கான 802.11 தரத்தோடு வந்த குறியாக்கப் பூட்டு வெப் (WEP). ரகசியச் சாவி 40 பிட்; அதன் முன்னால் ஒட்டும் தொடக்க எண் வெறும் 24 பிட். ஓயாமல் தரவு ஓடும் வலையில் அந்த எண்கள் சில மணி நேரத்திலேயே தீர்ந்து, பழையவையே திரும்ப வரும். 2001இல் ஃப்ளூரர், மான்ட்டின், ஷமீர் என்னும் குறியாக்க ஆய்வாளர்கள் மூவரும் சாவியையே கறக்கும் வழியைக் காட்டிவிட்டார்கள்.

ஆனால் வெப்போடு ஏற்கெனவே விற்றுப்போன கருவிகளை என்ன செய்வது? வெப்புக்கு மாற்றாக 2003இல் வந்த டபிள்யூபிஏ (WPA) பூட்டை நான் மெச்சுவது இங்கேதான். பெரும்பாலான பழைய வைஃபை கார்டுகளிலும் ஃபர்ம்வேரை மட்டும் மாற்றி ஓட்டும்படி அதன் டிகேஐபி (TKIP) குறியாக்க முறையை அமைத்தார்கள். ஒட்டுத் தையல்தான், கெட்டிக்காரத் தையல்! அடுத்த ஆண்டே ஏஇஎஸ் குறியாக்கத்தோடு டபிள்யூபிஏ2 வந்தது. அதன் பிறகும் எங்கள் தெருவில் நான் திறந்து பார்த்த ரவுட்டர்கள் பல வெப்பிலேயே கிடந்தன. நிர்வாகக் கடவுச்சொல்லும் 'அட்மின்'தான்.