பறக்கும் தட்டைச் சுடும் 'டிராப்' விளையாட்டு: பிள்ளையைக் கூட்டிட்டுப் போகும் முன் பெற்றோர் தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

செல்போனில் ஒரு வீடியோ. ஒருவர் ஏதோ சத்தம் கொடுக்கிறார், ஆரஞ்சு நிறத் தட்டு ஒன்று வானத்தில் பாய்கிறது, அடுத்த நொடி அது தூள் தூளாகச் சிதறுகிறது. பார்த்த பிள்ளைக்கு உடனே ஆசை வந்துவிடும். "அப்பா, நானும் ஒருக்கா சுட்டுப் பாக்கட்டா?"

அஞ்சுகிராமம் பக்கம் இப்படி ஒரு கேள்வி வந்தால் பெரும்பாலான வீடுகளில் பதில் இரண்டில் ஒன்றுதான். "துப்பாக்கியா? வாய மூடு" என்பது ஒன்று. "தோப்புல வச்சு ஒருக்கா சுட்டுப் பாப்போம்" என்பது இன்னொன்று. முதல் பதில் ஆசையை அமுக்கும். இரண்டாவது பதில் ஆபத்து, சட்டப்படி குற்றமும்கூட. இரண்டுக்கும் நடுவே முறையான வழி ஒன்று இருக்கிறது. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

டிராப் என்றால் என்ன?

துப்பாக்கி சுடுதலில் ரைபிள், பிஸ்டல், ஷாட்கன் என மூன்று பிரிவுகள் உண்டு. ரைபிளும் பிஸ்டலும் அசையாத இலக்கைச் சுடுவதற்கு. ஷாட்கன் பறக்கும் இலக்குக்கு. ஒலிம்பிக்கில் ஷாட்கன் பிரிவில் டிராப், ஸ்கீட் என இரண்டு வகைப் போட்டிகள் இருக்கின்றன.

டிராப்பில் வீரருக்கு 15 மீட்டர் முன்னால் தரைக்குக் கீழே ஒரு பள்ளம் இருக்கும். அதில் 15 இயந்திரங்கள். வீரர் குரல் கொடுத்ததும் ஏதாவது ஒரு இயந்திரத்திலிருந்து தட்டு பறக்கும். இடப்பக்கமா, வலப்பக்கமா, நேராகவா என்பது வீரருக்கு முன்கூட்டியே தெரியாது. தட்டின் வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள், தகுதிச் சுற்றில் மொத்தம் 125. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு முறை சுடலாம்.

ஸ்கீட்டில் இரு பக்கமும் இருக்கும் இரண்டு கூண்டுகளிலிருந்து தட்டுகள் வரும். அவை வரும் பாதை மாறாது, வீரர்தான் இடம் மாறி மாறி நின்று சுடுவார்.

தட்டின் விட்டம் 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். பெயர்தான் களிமண் தட்டு. இப்போது சுண்ணாம்புக்கல் தூளையும் பிசினையும் கலந்து செய்கிறார்கள்.

ஷாட்கன் தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு கிடையாது, நூற்றுக்கணக்கான சின்ன ஈய ரவைகள் இருக்கும். சுட்டதும் அவை பரவிப் பாயும். தட்டில் படாத ரவைகள் வெகுதூரம் போய் விழும். அதனால்தான் இந்தப் பயிற்சிக்கு ஆள் நடமாட்டமே இல்லாத பெரிய களம் வேண்டும். நம்ம ஊர் தென்னந்தோப்பும் வாழைத்தோட்டமும் எவ்வளவு காலியாகத் தெரிந்தாலும் அவை களம் ஆகாது.

பறவைக்குப் பதில் தட்டு

இந்த விளையாட்டின் தொடக்கம் உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுட்டதில்தான். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்தபோதுகூட புறா சுடும் போட்டி நடந்தது. 1880-ல் அமெரிக்காவின் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டைக் கொண்டுவந்தார். உயிருக்குப் பதில் தட்டு என்ற அந்த மாற்றத்தில்தான் இன்றைய விளையாட்டு நிற்கிறது.

நம்ம மாவட்டத்துப் பிள்ளைக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தேரூர் குளத்திலோ மணக்குடி காயலிலோ இறங்கும் பறவையை ஏர் கன்னால் குறிபார்ப்பது விளையாட்டு இல்லை. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். "தட்டை மட்டும்தான் சுடணும், உயிரைச் சுடக் கூடாது" என்பதுதான் முதல் பாடம்.

அப்பாவும் பிள்ளையும்: இந்தியாவின் டிராப் கதை

இந்தியாவில் டிராப் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போன விளையாட்டு. பிகானிர் மன்னர் கர்ணி சிங் ஐந்து ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர், 1962 உலக சாம்பியன்ஷிப்பில் வெள்ளி வென்றவர். அவரது மகள் ராஜ்யஸ்ரீ குமாரி பதின்ம வயதிலேயே, 1968-ம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதைப் பெற்றார். 1978 பாங்காக் ஆசிய விளையாட்டில் டிராப் தங்கம் வென்றவர் ரந்தீர் சிங். அவரது மகள் ராஜேஸ்வரி குமாரி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுட்டார். 1976 ஒலிம்பிக்கில் கலந்துகொண்ட குர்பீர் சிங் சந்துவின் மகன் மானவ்ஜித் சிங் சந்து, 2006-ல் டிராப் உலக சாம்பியன் ஆனார்.

தமிழ்நாட்டின் பெயர் பிரித்விராஜ் தொண்டைமான். புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அம்மா சாருபாலா தொண்டைமான் திருச்சியின் முன்னாள் மேயர். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் டிராப் குழுத் தங்கம் வென்ற மூவரில் பிரித்விராஜும் ஒருவர், மற்ற இருவர் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் பிரித்விராஜ் கலந்துகொண்டார்.

இந்தப் பெயர்களில் பல அரச குடும்பங்களைச் சேர்ந்தவை. அது தற்செயல் அல்ல. துப்பாக்கி, தோட்டா, இடம் எல்லாமே செலவு பிடிக்கும் விஷயங்கள். சாதாரணக் குடும்பம் இதற்குள் வருவது எப்படி என்பதைக் கீழே பார்க்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி 21 வயது நிறையாதவர் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 12 வயதைத் தாண்டியவர்கள் அங்கீகாரம் பெற்ற இடத்தில், தகுதியான பெரியவரின் நேரடி மேற்பார்வையில் பயிற்சி எடுக்கலாம். கிளப்பில் சேரும்போது வயதுச் சான்றைக் கேட்பார்கள். பெற்றோர் சம்மதம் கட்டாயம் வேண்டும்.

மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று, உரிமம் ஒரு நபருக்குத்தான், குடும்பத்துக்கு அல்ல. அப்பாவுக்கு லைசென்ஸ் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளை கையில் துப்பாக்கியைக் கொடுக்க முடியாது.

இரண்டு, பயிர்க் காவலுக்கு வாங்கிய உரிமம் விளையாட்டுப் பயிற்சிக்கான அனுமதி ஆகாது.

மூன்று, .177 அளவும் 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் கொண்ட ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக அது பொம்மை ஆகிவிடாது. கண்ணில் பட்டால் பார்வையே போய்விடும்.

எங்கே தொடங்குவது?

எல்லா ரைபிள் கிளப்பிலும் டிராப் களம் இருக்காது. பல இடங்களில் 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் மட்டுமே இருக்கும். ஆகவே முதலில் மாநில துப்பாக்கி சுடுதல் சங்கத்திடம் கேளுங்கள். எந்தக் கிளப்பில் ஷாட்கன் களம் இயங்குகிறது, எந்த வயதிலிருந்து சேர்க்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஏற்ற துப்பாக்கி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பக்கத்தில் ஷாட்கன் களம் கிடைக்காவிட்டால் ஏர் ரைபிளில் தொடங்கலாம். நிற்கும் விதம், மூச்சு, ஒழுங்கு எல்லாம் அதிலேயே படியும். இன்னொரு வழி என்.சி.சி. பள்ளியில் ஜூனியர் டிவிஷன் இருந்தால் மாணவர்கள் .22 ரைபிள் பயிற்சியைச் செலவில்லாமல் பெற வாய்ப்பு உண்டு.

செலவுக் கணக்கையும் முன்பே போட்டுவிடுங்கள். 25 தட்டு கொண்ட ஒரு சுற்றுக்குக் குறைந்தது 25 தோட்டா, அதிகபட்சம் 50 தோட்டா ஆகும். உறுப்பினர் கட்டணம், தட்டுக் கட்டணம், பயிற்சியாளர் கட்டணம், பயணச் செலவு எல்லாம் தனி. அஞ்சுகிராமத்திலிருந்து புதுக்கோட்டைக்கே 300 கிலோமீட்டருக்கு மேல் ஆகும். துப்பாக்கி வாங்கும் பேச்சை முதல் வருடம் எடுக்கவே வேண்டாம்.

பிள்ளை தயாரா? வீட்டிலேயே தெரிஞ்சுக்கலாம்

வயது மட்டும் போதாது. "நில்லு" என்று ஒரு தடவை சொன்னால் நிற்கிற பிள்ளையா? தோற்றால் கையில் இருப்பதைத் தூக்கி எறிகிற பழக்கம் இருக்கிறதா? பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குகிறதா? இதற்கெல்லாம் நேர்மையான பதில் உங்களுக்குத்தான் தெரியும். சந்தேகம் இருந்தால் ஒரு வருடம் பொறுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது.

மூன்று விதிகளை வீட்டிலேயே மனப்பாடம் ஆக்கிவிடுங்கள்:

* எந்தத் துப்பாக்கியிலும் தோட்டா இருக்கிறது என்றே நினைக்கணும்.
* சுடக் கூடாத எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது.
* சுடும் நொடி வரை டிரிக்கரில் விரல் போகக் கூடாது.

எந்தக் கண் பிரதானம் என்பதையும் பார்த்துவிடலாம். இரண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகத் தூரத்தில் தெரியும் காற்றாலை ஒன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொல்லுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது காற்றாலை அதே இடத்தில் நிற்கிறதோ, அதுதான் பிரதானக் கண். வலக்கைப் பழக்கம் உள்ள பிள்ளைக்கு இடக்கண் பிரதானமாக இருந்தால் பயிற்சியாளரிடம் முதலிலேயே சொல்லுங்கள். இல்லாவிட்டால் "ஏன் படல, ஏன் படல" என்று பிள்ளை வீணாக நொந்துபோகும்.

முதல் நாள் களத்தில்

முதல் வருகையில் சுடவே வேண்டாம். வேடிக்கை மட்டும் பாருங்கள். ஷாட்கன் சத்தம் 140 டெசிபெலைத் தாண்டும். ஒரே ஒரு சத்தத்திலேயே காது நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். அதனால் பார்வையாளராக இருந்தாலும் காதுக் கவசம் கட்டாயம். சிதறும் தட்டுத் துண்டு கண்ணில் படாமல் இருக்கக் கண்ணாடியும் தொப்பியும் வேண்டும். பறக்கும் தட்டை விரலால் சுட்டிக்காட்டித் தொடரச் சொல்லுங்கள். டிராப்பின் அடிப்படையே அதுதான், கண் தட்டிலேயே இருக்கணும்.

சுடும் நாள் வந்ததும் துப்பாக்கி பிள்ளையின் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பெரியவர்களின் ஷாட்கன் சுமார் மூன்றரை கிலோ இருக்கும். அதைத் தூக்கும்போது பிள்ளையின் முதுகு பின்னால் வளைந்தால் அந்தத் துப்பாக்கி அதற்கு ஆகாது. கட்டை நீளமாக இருந்தால் தோளில் சரியாக உட்காராது, சுட்டதும் வரும் உதை கன்னத்திலோ கையிலோ விழும். முதல் நாளே வலித்துவிட்டால் அடுத்த நாளிலிருந்து டிரிக்கரை அழுத்தும் முன்பே பிள்ளை கண்ணை மூடிக்கொள்ளும். அந்தப் பயத்தைப் போக்குவது கஷ்டம். கட்டை குட்டையான துப்பாக்கி, உதை குறைந்த தோட்டா இருக்கிறதா என்று கேளுங்கள்.

முதலில் ஒரே ஒரு தோட்டா மட்டும் போடச் சொல்லுங்கள். தட்டும் நேராக, மெதுவாகப் போகிறதாக இருக்கட்டும். பத்துப் பதினைந்து தடவை சுட்டால் போதும். "இன்னும் ஒண்ணு" என்று பிள்ளை கேட்கும்போதே நிறுத்திவிடுவது நல்லது. தன் முறை முடிந்ததும் குழலை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டுதான் நகரணும்.

பெற்றோர் எங்கே நிற்கணும்?

பயிற்சியாளர் பக்கத்தில், பெற்றோர் பின்னால். "மேல பிடி, சீக்கிரம் சுடு" என்று பின்னாலிருந்து சொல்வது பிள்ளையைக் குழப்பும். ஒரே நேரத்தில் ஒரு குரல்தான் காதில் விழணும்.

முடிந்தால் நீங்களும் கூடவே கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலான பெற்றோருக்கும் இது புதுசு. அப்பாவுக்கும் தட்டு தப்பும் என்பதைப் பார்க்கிற பிள்ளைக்குத் தோல்வி பெரிய விஷயமாகத் தெரியாது. எத்தனை தட்டு உடைந்தது என்று கேட்பதற்கு முன், விதியைச் சரியாகப் பின்பற்றியதைச் சொல்லிப் பாராட்டுங்கள். "மக்ளே, தோட்டாவ எடுத்துட்டியான்னு நீயே பாத்தியே, அது நல்லாருந்துச்சு" என்ற ஒரு வார்த்தை போதும்.

வீடு திரும்பும் முன்

ரவைகள் ஈயத்தால் ஆனவை. ஈயம் உடலில் சேர இதுவரை பாதுகாப்பு என்று எந்த அளவும் கிடையாது என்கிறது உலக சுகாதார அமைப்பு. பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். களத்தில் முறுக்கு, பிஸ்கட் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு கையையும் முகத்தையும் கழுவிவிட்டுத்தான் சாப்பிடணும். வீட்டுக்கு வந்ததும் துணியை மாற்றித் தனியாகத் துவையுங்கள். காலித் தோட்டாவை விளையாட்டுச் சாமானாக வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம்.

வீட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கி இருந்தால் அது பூட்டிலும், தோட்டா வேறு பூட்டிலும் இருக்கட்டும். சாவி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரியவே கூடாது. பயிற்சி எடுக்கும் பிள்ளைக்கும் இதே விதிதான்.

பிடிக்கலைன்னா?

ஆர்வம் நிலைத்தால் மாநிலப் போட்டி, அதன்பின் ஜி.வி. மாவ்லங்கர் போட்டி, தேசிய சாம்பியன்ஷிப் என்று படிப்படியாகப் போகலாம். சர்வதேசப் போட்டிகளில் 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஜூனியர் பிரிவு இருக்கிறது. அதனால் 12 வயதில் அவசரப்பட ஒன்றுமில்லை.

சத்தம் பிடிக்கலை, தோள் வலிக்குது, பயமா இருக்கு என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். "இவ்வளவு தூரம் வந்தாச்சே, பணம் கட்டியாச்சே" என்று வற்புறுத்த வேண்டாம். மனசு இல்லாமல் துப்பாக்கி பிடிக்கிற கை பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. வேண்டாம் என்று தயங்காமல் சொல்லத் தெரிந்த பிள்ளை, பின்னால் ஒருநாள் தானாகவே திரும்பிவந்து கேட்டால், அப்போது நம்பிக் கூட்டிப்போகலாம்.