கொட்டகைக் காலம் – 17: மகரக்கட்டு

மகரக்கட்டு என்ற சொல் இன்று பாதிப் பேருக்குத் தெரியாது. பையனுக்கு மீசை அரும்புகிற வயதில் குரல் கரகரத்து, மேலே போனால் கீச்சிட்டு, கீழே வந்தால் தகர டப்பாவில் கல்லைப் போட்டு உருட்டினாற்போல் ஆகுமே, அதுதான். வீட்டில் இருக்கிற பையனுக்கு வந்தால் அத்தையும் சித்தியும் நாலு நாள் கேலி செய்வார்கள், அதோடு சரி. பிள்ளைகளே நடிக்கிற பாய்ஸ் நாடகக் கம்பெனிப் பையனுக்கு வந்தால் சோற்றுக்கே ஆபத்து.

சென்ற வாரம் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் மேடையிலேயே ஒருவரை ஒருவர் மடக்கி, விடியவிடிய வாதம் செய்த கூத்தைப் பார்த்தோம். அந்தக் கூத்தில் வெறுத்துப்போனவர்களில் முக்கியமானவர், தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-ல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள். எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு வாய்க்கு வந்ததைப் பேசுகிற, போதையோடு மேடையேறுகிற பெரிய நடிகர்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போனார். பெரியவர்களைத் திருத்த முடியாது, பிள்ளைகளை வளைக்கலாம் என்று முடிவுக்கு வந்தார். பிள்ளைகளை வைத்துக் கம்பெனி நடத்துவது அவர் கண்டுபிடிப்பு இல்லை. ஜெகந்நாதய்யர் அதற்கு முன்பே நடத்திக் காட்டியிருந்தார். ஆனால் 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தொடங்கி, சுவாமிகள் அதற்கு ஆசிரியரான பிறகுதான் பாய்ஸ் கம்பெனி என்ற சமாசாரம் ஊர் ஊராகப் பேசப்பட்டது.

அந்தச் சபைக்குத் தன் பிள்ளைகளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தவர்களில் ஒருவர் கண்ணுசாமிப் பிள்ளை. அவரே ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போட்டவர். கம்பெனி வாழ்க்கை எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது. தெரிந்தும் சங்கரன், முத்துசாமி, சண்முகம் என்று மூன்று பேரைக் கொண்டுவந்து சேர்த்தார். 1912-ல் பிறந்த சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. சின்னவர் பகவதி பின்னால் வந்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பிறகு நாடறிந்த நால்வர் இவர்கள்தான்.

கம்பெனியின் ஏற்பாடு எளிமையானது. பையனுக்குச் சாப்பாடு, துணி, படுக்க இடம். வேடத்துக்கு ஏற்ப மாதச் சம்பளம்; அது பெரும்பாலும் தகப்பன் கைக்கோ தாய் கைக்கோ போகும். இத்தனை வருஷம் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம். இதைக் குருகுலம் என்று புகழ்ந்தவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சொல் முழுதாக ஒட்டவில்லை. குருகுலத்தில் சிஷ்யன் பாடுவதை நம்பி வாத்தியார் வீட்டு அடுப்பு எரிவதில்லை.

இரவு பத்து மணி வாக்கில் படுதா ஏறினால் விடியற்காலை வரை நாடகம். முகத்தில் முத்துவெள்ளையும் அரிதாரமும் பூசிய பிள்ளை, தன் கட்டம் வரும்வரை சீன் பெட்டிமேல் சுருண்டு தூங்குவான். யாராவது உலுக்கி எழுப்பி, "போடா, உன் பாட்டு" என்று தள்ளிவிடுவார்கள். கண்ணைத் திறப்பதற்குள் ஹார்மோனியம் சுருதி கொடுத்துவிடும். பகலில் தூக்கம், பிறகு பாடம், பிறகு ஒத்திகை. தவறினால் பிரம்பு. ஸ்திரீபார்ட் பையன்களுக்கு இன்னொரு சுமை, தலைமுடி. பின்னல் போட வேண்டுமென்று வளர்க்கச் சொல்வார்கள். எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, கொண்டை முடிந்த பத்து வயதுப் பையன் பகலில் கடைத்தெருவுக்குப் போனால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரவில் சீதையைக் கும்பிட்ட அதே ஊர்தான் பகலில் சீட்டியடிக்கும். கொட்டகைக்கு வெளியே காத்திருந்த பெரிய மனிதர்களைப் பற்றிச் சுயசரிதைகள் பட்டும் படாமலும்தான் பேசுகின்றன. அந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள நமக்கு அதிக நேரம் ஆகாது.

ஏன் சின்னப் பிள்ளைகளே வேண்டும்? மைக் இல்லாத காலம். கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரன் காதில் பாட்டு விழ வேண்டும். நாலரைக் கட்டை, ஐந்து கட்டை என்று சுருதியைத் தூக்கி வைத்துப் பாட வேண்டும். உடையாத பிள்ளைக் குரலுக்கு அது விளையாட்டு. ஜனங்கள் அன்று நாடகம் 'பார்க்க'ப் போனதைவிடக் 'கேட்க'ப் போனதுதான் அதிகம். வசூல் என்பது கடைசியில் நாலைந்து பையன்களின் தொண்டையில் இருந்தது.

சுவாமிகள் அந்தத் தொண்டைகளுக்காகவே எழுதினார். அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது சண்முகம் வாழ்நாள் முழுதும் சொல்லிவந்த செய்தி. பிள்ளைகள் தூங்கப் போகும்போது எழுத உட்கார்ந்தவர், அவர்கள் எழுந்து பார்க்கும்போது பாட்டும் வசனமுமாக நாடகத்தை முடித்திருக்கிறார். அபிமன்யு வேடம் சண்முகத்துக்கு. அபிமன்யுவே பிள்ளைதானே! பெரியவர்கள் வகுத்த வியூகத்துக்குள் போகத் தெரிந்து வரத் தெரியாத பிள்ளை. வேடப் பொருத்தம் என்று வாத்தியார் நினைத்தது வேறு. நூறு வருஷம் கழித்துப் படிக்கிற நமக்குத் தோன்றுவது வேறு.

சுவாமிகளின் கதை இருண்டது இதற்குப் பிறகுதான். இளவயதில் அவர் நடிகராக இருந்தபோது எமன், சனீஸ்வரன், இரணியன் வேடங்களில் அவர் போட்ட சத்தத்துக்குக் கொட்டகையே நடுங்கும் என்பார்கள். எமனாக வந்து நின்றதைக் கண்டு கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது, அதோடு வேடம் கட்டுவதையே விட்டார் என்றொரு கதையும் உண்டு. அப்படிப்பட்டவரைப் பக்கவாதம் தாக்கியது. கை கால் விழுந்தது, பேச்சும் போயிற்று. கம்பெனி நிற்க முடியுமா? அடுத்த ஊர், அடுத்த கொட்டகை. வாய் பேசாத வாத்தியாரையும் உடன் கொண்டுபோனார்கள். அவர் எழுதிய பாட்டைப் பையன்கள் பாட, திருத்தச் சொல்ல நா எழாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். 1922 நவம்பர் 13-ம் தேதி பாண்டிச்சேரி முகாமில் உயிர் பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கம் செய்தார்கள். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது. (நடிகர் சங்கத்தின் 2019 தேர்தலில் ஓர் அணிக்குச் சுவாமிகள் பெயரை வைத்திருந்தார்கள். மேடையில் சண்டை போட்டுக்கொண்ட நடிகர்களை வெறுத்தவர் பெயர்! இருக்கட்டும்.)

வாத்தியாரின் குரலாவது நோயில் போனது. பையன்களின் குரல் ஆரோக்கியத்தில் போகும். நன்றாகச் சாப்பிட்டு வளர்கிற பையனுக்குச் சீக்கிரமே மகரக்கட்டு. நேற்றுவரை ராஜபார்ட் என்கிற கதாநாயக வேடம், இன்று எட்டிப் பிடித்த மேல்ஸ்தாயி பிளந்துகொள்கிறது, தரை டிக்கெட்டில் சிரிப்பு. ஹார்மோனியக்காரர் அரைக் கட்டை இறக்கிப் பார்ப்பார், ஒரு கட்டை இறக்கிப் பார்ப்பார். அதற்குமேல் அடுத்த பையனுக்கு அந்தப் பாட்டு சொல்லிக்கொடுக்கப்படும். அதைச் சொல்லிக்கொடுக்கும் வேலையே சில சமயம் குரல் போனவன் தலையில் விழும். பிறகு சேவகன் வேடம், படுதா இழுக்கிற வேலை, அல்லது வீட்டுக்கு ரயில் டிக்கெட். ஏழு வயதில் வந்தவனுக்குப் பதினான்கு வயதில் வேறு தொழில் என்ன தெரியும்?

புதுக்கோட்டையில் 1916-ல் பிறந்த பி.யு. சின்னப்பா இந்தச் சுழலில் சிக்கி மீண்டவர். மீனலோசனி சபையில் தொடங்கி, சச்சிதானந்தம் பிள்ளையின் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனார். பதினைந்து ரூபாய்ச் சம்பளத்தில் சில்லறை வேடம் போட்டுக்கொண்டிருந்த பையன் தனியாக உட்கார்ந்து பாடியதை முதலாளி கேட்டார். சம்பளம் ஒரே தாவலில் எழுபத்தைந்து ஆயிற்று, ராஜபார்ட்டும் கிடைத்தது என்று சொல்வதுண்டு. பிறகு மகரக்கட்டு. ராஜபார்ட் போயிற்று, சின்னப்பா புதுக்கோட்டைக்குத் திரும்பினார். அந்த வயதுப் பையன் ஒடிந்துபோயிருந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. அவரோ சிலம்பம், குஸ்தி என்று உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தார். கூடவே சாதகம். குரல் புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தது. 1936-ல் சந்திரகாந்தாவில் திரைக்கு வந்து, கண்ணகியிலும் ஜகதலப்பிரதாபனிலும் தமிழ்நாட்டைக் கட்டிப்போட்ட குரல், கம்பெனி ஒருகாலத்தில் உதவாது என்று ஒதுக்கிய குரல்தான். 35 வயதில் போய்விட்டார் என்பது வேறு சோகம்.

அதே ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில், சின்னப்பாவுக்குப் பின்னால் நின்ற பையன்களில் இரண்டு பேர் அண்ணன் தம்பி. கண்டிக்குப் பக்கத்தில் நாவலப்பிட்டியில் 1917-ல் பிறந்த தம்பிக்கு விவரம் தெரிவதற்குள் தகப்பனார் காலமாகிவிட்டார். கும்பகோணத்துக்கு வந்த தாய் சத்தியபாமாவுக்குப் பிள்ளைகளின் வயிற்றை நிரப்ப வேறு வழி தெரியவில்லை. கம்பெனியில் விட்டார். அண்ணன் சக்கரபாணி, தம்பி ராமச்சந்திரன். கம்பெனி வாத்தியார் காளி என். ரத்தினம். சத்துணவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் எம்.ஜி.ஆரின் பிள்ளைப் பசியைக் குறிப்பிடாமல் இருப்பதில்லை. அந்தப் பசிதான் அவரைக் கொட்டகைக்குள் தள்ளியது.

எல்லோரையும் பெற்றோர் கொண்டுவந்து விடவில்லை. எம்.ஆர். ராதா வீட்டில் கோபித்துக்கொண்டு ஓடிவந்தவர். கேட்ட மீன் துண்டைத் தனக்கு வைக்கவில்லை என்பது காரணம். தகப்பனார் முதல் உலகப் போரில் செத்துப்போன வீட்டில், ஒரு துண்டு மீனுக்கு அவ்வளவு கனம் இருந்திருக்கிறது. திருச்சி சங்கிலியாண்டபுரத்து கணேசன் செய்தது இன்னும் ஒரு படி மேல். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர, தனக்கு அப்பா அம்மா இல்லை, அநாதை என்று சொல்லிவிட்டார். அப்பா அம்மா இருவரும் உயிரோடு நாலு தெரு தள்ளி இருந்தார்கள். முதல் பெரிய வேடம் சீதை. பின்னால் அந்தக் கணேசன் சிவாஜி ஆனபோது, முகத்தின் ஒவ்வொரு நரம்பும் நடிக்கிறதே என்று வியந்தார்கள். குரல் உடைந்தவன் கண்ணையும் புருவத்தையும் வைத்துத்தான் பிழைத்தாக வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர் அவர்.

வசந்தபாலன் 2014-ல் எடுத்த காவியத் தலைவன், நாடகக் கம்பெனிக்குள் வளர்ந்த இரண்டு பையன்களின் பொறாமையை மையமாக வைத்தது. பொறாமை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் ராஜபார்ட்டுக்கு எதிரி பக்கத்துப் பாயில் படுத்திருந்த பையன் என்பதைவிட, காலண்டர் என்பதே சரியாக இருக்கும்.

டி.கே.எஸ். சகோதரர்கள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1925-ல் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால சண்முகானந்த சபா என்று சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். சண்முகத்துக்கு அப்போது பதின்மூன்று நடக்கிறது, சரியாக மகரக்கட்டு வயது. சொந்தக் கம்பெனியில் குரல் உடைந்தால் யார் வெளியே அனுப்புவது? நாகர்கோவில் ஒழுகினசேரியிலிருந்து வந்த என்.எஸ். கிருஷ்ணன் இந்தக் கம்பெனியில்தான் தேறினார். பையன்கள் மீசையோடு மேடையில் நின்றார்கள், கம்பெனி பாட்டை விட்டு வசனத்துக்கு நகர்ந்தது, புராணம் போய்ச் சமூக நாடகம் வந்தது. சமூக நாடகத்தின் வரவுக்குத் தேசிய எழுச்சியும் சீர்திருத்தமும் காரணம் என்று புத்தகங்களில் எழுதியிருக்கும். அவற்றோடு நாலைந்து பையன்களுக்குக் குரல் உடைந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

கம்பெனிகள் நசிந்ததற்கு வேறு காரணமும் வந்து சேர்ந்தது. 1931 அக்டோபரில் காளிதாஸ் வெளிவந்தது. பேசும் படத்துக்கு வாடகை கூடுதலாகக் கிடைத்ததும் கொட்டகைக்காரர்கள் நாடகத்துக்குக் கதவைச் சாத்தினார்கள். மளிகைக் கடைப் பாக்கியைத் தீர்க்க முடியாமல் சீன் பெட்டிகளை ஈடாக விட்டுவிட்டு ஊரைக் காலி செய்த கதைகள் அதன் பிறகு சகஜம். அதை விரிவாக அடுத்த வாரம் பார்ப்போம். 1935-ல் மேனகா படத்துக்கு டி.கே.எஸ். கம்பெனியே போய் நடித்தது.

மேடையில் ஒரு காரியம் பாக்கி இருந்தது. 1942-ல், முப்பது வயதில், சண்முகம் பெண் வேடம் கட்டினார். உடைந்த குரலுக்குப் பொருந்துகிற ஒரே பெண் வேடம், கிழவி. அவ்வையாராக நரைத்த தலையும் கோலுமாக வந்து நின்றவரை ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அன்றிலிருந்து அவர் அவ்வை சண்முகம்.

சென்னையில் லாயிட்ஸ் ரோடு இப்போது அவ்வை சண்முகம் சாலை. மீனலோசனி சபைப் பையன் பெயரிலுள்ள அந்தச் சாலையில்தான், ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிப் பையன் தொடங்கிய கட்சியின் தலைமைக் கழகம் இருக்கிறது.