அரசி ஆளலாம், அரசி வழி ஆளலாமா? தஞ்சை, மதுரை, சிவகங்கை வாரிசு வழக்குகளின் வெளிச்சத்தில் ஜப்பானிய அரியணை

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் காரைக்கால் ஏன் இருக்கிறது என்று கேட்டால் துறைமுகம், நெல், துணி வணிகம் என்று விடை வரும். அவை பொய்யல்ல. ஆனால் 1739 பிப்ரவரியில் அந்த ஊர் பிரெஞ்சுக் கும்பினியின் கைக்கு வந்ததற்கு உடனடிக் காரணம் தஞ்சை மராட்டிய அரண்மனையில் மூண்ட வாரிசுச் சண்டை. அந்தச் சண்டையில் முதலில் அரியணை இழந்தவர் ஒரு பெண்: இரண்டாம் ஏகோஜியின் விதவை சுஜான் பாய். தமிழக வரலாற்று நூல்கள் இவருக்கு ஒரு பத்தி ஒதுக்குவதே அரிது. ஜப்பானில் பேரரசரின் ஒரே மகளான இளவரசி அய்கோ அரியணை ஏறலாமா என்ற விவாதம் முடிவின்றி நீளும் இக்காலத்தில், சுஜான் பாயின் ஓராண்டு ஆட்சியைத் திரும்பப் பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறேன்.

பெண் அரியணை ஏறுவது ஒரு கேள்வி. அரியணை பெண்ணின் வழியே அவள் பிள்ளைக்கு இறங்குவது வேறொரு கேள்வி. முதலாவதற்கு ஆம் என்றும் இரண்டாவதற்கு இல்லை என்றும் சொன்ன மரபுகளில், பெண்ணின் ஆட்சி வேறு யாருடைய உரிமைக்கோ காவல் நிற்கும் ஆட்சியாகவே இருந்தது. அந்த ஆட்சிகள் சட்டென்று கவிழ்ந்ததற்கு ஆளும் திறமையில் குறை இருந்ததாகச் சொல்ல ஆதாரமில்லை. உரிமையின் இந்த அமைப்பில்தான் காரணம் இருந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

தஞ்சையிலிருந்து தொடங்கலாம். துக்கோஜி 1736-இல் இறந்தார். அடுத்து வந்த மகன் ஏகோஜி ஓராண்டு ஆண்டு மறைய, 1737-இல் சுஜான் பாய் பொறுப்பேற்றார். கோட்டையில் உண்மையான அதிகாரம் சையது என்ற தளபதியிடம் இருந்தது. 1738-இல் காட்டுராஜா என்று பெயர் பெற்ற சாகுஜி, தான் முதலாம் சரபோஜியின் மகன் என்று உரிமை கொண்டாடி அரசியை இறக்கினார். அவருடைய பிறப்பைப் பற்றி அப்போதே பலத்த சந்தேகம் இருந்தது. அவருக்கும் அரியணை நிலைக்கவில்லை. புதுச்சேரி ஆளுநர் துய்மாவுக்குத் தூது விட்டார். உதவினால் காரைக்கால் உங்களுடையது என்றார். காரியம் கைகூடியதும் கொடுத்த வாக்கிலிருந்து நழுவினார். பின்னர் ஆற்காட்டு நவாப்பின் மருமகன் சந்தா சாகேப்பின் தலையீட்டால்தான் பிரெஞ்சுக்காரர் அங்கே கால் ஊன்றினர். அதே 1739-இல் பிரதாப சிங் பட்டத்துக்கு வந்தார். அவர் துக்கோஜிக்குக் காமக்கிழத்தி வழியில் பிறந்த மகன். 1763 வரை 24 ஆண்டுகள் ஆண்டார்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இந்தக் கடைசிச் செய்தியைத்தான். சுஜான் பாய் வீழ்ந்தது சையதின் படைபலத்தால் என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் அதே சையது, அதே அரண்மனை, அதே நவாப் நெருக்கடிகளுக்கு நடுவில்தான் பிரதாப சிங்கும் தொடங்கினார். சையதை ஒழித்துக்கட்டி நிலைபெற்றார். முறைப்படி மணந்த பட்டத்தரசிக்குக் கிடைக்காத நியாயம், முறையான மணவழி வராத மகனுக்குக் கிடைத்தது. காட்டுராஜாவின் கதையை நம்பாதவர்கள்கூட அவர் சொன்ன உரிமையின் வடிவத்தை ஏற்றார்கள்: இன்ன அரசனின் மகன். அரசியிடம் அப்படிச் சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. அவர் ஒருவரின் மனைவி. அந்த ஒருவரோ இறந்துவிட்டார்.

மதுரை நாயக்கர் வரலாறு இதையே இரண்டு தடவை காட்டுகிறது. மங்கம்மாள் 1689 முதல் 1706 வரை, பேரன் விஜயரங்க சொக்கநாதன் வளரும்வரை ஆண்டார். சாலையும் சத்திரமுமாக அவர் பெயர் மக்கள் நினைவில் நிற்கிறது. ஆனால் ஆவணப்படி அவர் பேரனுக்காக ஆண்டவரே. ஜப்பானியப் பேரரசி ஜிதோவை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அவரும் கணவனை இழந்தவர். மகன் இறந்ததால் பேரனுக்காக அரியணையைக் காத்து, 697-இல் பேரன் மொம்முவிடம் ஒப்படைத்தவர். ஒரு வேறுபாடு உண்டு. ஜிதோ முறைப்படி முடிசூடிய பேரரசி, மங்கம்மாள் முடிசூடவில்லை. ஜிதோ பதவி விலகிய பின்னும் செல்வாக்கோடு இருந்தார். மங்கம்மாள் சிறையில் பட்டினி கிடந்து இறந்தார் என்பது மதுரையில் வழங்கும் செவிவழிச் செய்தி. அதை அப்படியே ஏற்கத் தேவையில்லை. எனினும் காவல் காத்தவருக்கு உரியவன் வந்தபின் இடமில்லை என்பதை அந்தக் கதை சரியாகவே பிடித்திருக்கிறது.

விஜயரங்கன் 1732-இல் பிள்ளையில்லாமல் இறந்ததும் அவர் மனைவி மீனாட்சி அரசியானார். உடனே அவர் செய்தது ஒரு சுவீகாரம். நாயக்கர் கிளைவழியைச் சேர்ந்த பங்காரு திருமலையின் சிறுவயது மகனைத் தத்தெடுத்தார். பங்காரு திருமலைக்கு அது போதவில்லை. மகனுக்குக் கிடைக்கும் அரியணை தனக்கே உரியது என்று எழுந்தார். இருதரப்பையும் பயன்படுத்திக்கொண்டவர் சந்தா சாகேப். திருச்சியில் அரசிக்குக் குர்ஆன் மேல் ஆணையிட்டுக் கொடுத்தார் என்றும், துணியில் சுற்றி வைத்திருந்தது செங்கல் என்றும் கதை வழங்குகிறது. 1736-இல் கோட்டை அவர் வசமானது. அரண்மனையிலேயே சிறைப்பட்ட மீனாட்சி நஞ்சுண்டு இறந்தார். தத்தெடுப்பு அரசியின் நிலையை வலுப்படுத்தியிருக்க வேண்டும். நடந்தது மறுதலை. ஆண்வழியில் ஒருவனைத் தேடிக் கொண்டுவந்த கணமே, ஆண்வழிதான் உரிமைக்கு ஊற்று என்று அரசியே ஒப்புக்கொண்டதாயிற்று. அந்த ஊற்றுக்கு இன்னும் நெருக்கமாக நின்ற தகப்பன் கேள்வி கேட்டான்.

இந்தக் கதைக்குப் புதுச்சேரியில் ஒரு பின்குறிப்பு உண்டு. 1740 மே மாதம் மராட்டியர் ஆற்காட்டு நவாப் தோஸ்த் அலியைக் கொன்றபோது, நவாப்பின் விதவையும் சந்தா சாகேப்பின் மனைவியும் பரிவாரங்களோடு புதுச்சேரிக் கோட்டை வாயிலுக்கு வந்து அடைக்கலம் கேட்டார்கள். துய்மா கதவைத் திறந்தார். மராட்டியத் தளபதி ரகோஜி போன்ஸ்லே அவர்களை ஒப்படைக்கச் சொன்னபோது மறுத்தார். மீனாட்சியைச் சிறை வைத்தவரின் மனைவி இந்த ஊரில் அகதியாக வாழ்ந்தார். கடற்கரையை ஒட்டிய வெள்ளையர் பகுதியில் துய்மா பெயரில் இன்றும் ஒரு வீதி இருக்கிறது.

துய்மாவின் சொந்த அரசனுடைய அரியணை பெண்ணுக்கு முற்றாக மூடியது என்பதையும் சொல்லியாக வேண்டும். பிரான்சில் 1317-இல் பத்தாம் லூயியின் மகள் விலக்கப்பட்டார். 1328-இல் பெண்வழி வந்த இங்கிலாந்து எட்வர்டின் கோரிக்கையும் தள்ளப்பட்டது. இதற்குச் சாலிக் சட்டம் என்ற பழஞ்சட்டத்தைச் சான்று காட்டியது பிற்பாடுதான். முதலில் தேவை, பிறகு சாத்திரம். ஜப்பானிலும் வரிசை இதுவே. ஆண்களுக்கு மட்டும் என்று எழுத்தில் வந்தது 1889-ஆம் ஆண்டின் அரச குடும்பச் சட்டத்தில். அதற்கு முந்தைய வரைவு ஒன்றில் பெண்ணுக்கு இடம் இருந்தது. சட்ட வரைவில் பங்கேற்ற அதிகாரி இனோவே கோவாஷி எதிர்த்ததால் நீங்கியது. தொன்று தொட்ட மரபு என்று இன்று பேசப்படுவதில் சட்டத்தின் வயது நூற்று முப்பத்துச் சொச்சம் ஆண்டுகளே.

ஜப்பானில் அதற்கு முன் எட்டுப் பெண்கள், இருவர் இருமுறை ஏறியதால் பத்து ஆட்சிகள், அரியணையில் இருந்தனர். முதல்வர் ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த சுய்கோ. கடைசியாக கோசகுராமச்சி, 1762-இல் ஏறியவர். எண்மரில் நால்வர் விதவைகள், நால்வர் மணமாகாதவர்கள். அரியணையில் இருக்கும்போது கணவனோடு வாழ்ந்து பிள்ளை பெற்றவர் ஒருவர்கூட இல்லை. 715-இல் தாய் கெம்மெய்க்குப் பின் மகள் கென்ஷோ ஏறியதைப் பெண்வழிக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. அது பொருந்தாது, கென்ஷோவின் தந்தை இளவரசர் குசகபே பேரரசர் தெம்முவின் மகன். அரசி இருந்தாள், அரசியின் வழி இல்லை என்பதில் ஜப்பானின் பழைய தலைநகர் நாராவும் மதுரையும் ஒன்று.

அப்படியானால் ஆண்வழி இத்தனை காலம் அறுபடாமல் எப்படி ஓடியது? காமக்கிழத்தியர் பிள்ளைகள், தத்து, கிளைக்குடும்பங்கள் ஆகிய மூன்றும் முட்டுக் கொடுத்ததால்தான். தஞ்சை மூன்றையும் பயன்படுத்தியது: பிரதாப சிங், தத்துப்பிள்ளையான இரண்டாம் சரபோஜி, கிளைவழி உரிமை கேட்டு வந்தவர்கள். பேரரசர் தைஷோவும் பட்டத்தரசி பெற்ற மகன் அல்லர். 1947-ஆம் ஆண்டுச் சட்டம் அரியணையை முறையான மணத்தில் பிறந்தோர்க்கு மட்டும் என்றது, தத்தெடுப்பைத் தடைசெய்தது, அவ்வாண்டே 11 கிளைக்குடும்பங்கள் அரச நிலையை இழந்தன. மூன்று முட்டுகளும் போயின. ஆண்வழி விதி மட்டும் அப்படியே நின்றது. இன்று வரிசையில் இருப்போர் மூவர்: பேரரசரின் தம்பி அகிஷினோ, அவர் மகன் ஹிசஹிதோ, 1935-இல் பிறந்த ஹிதாச்சி.

முட்டுகள் போனபின் என்ன நடக்கும் என்பதற்கும் தஞ்சையே சான்று. ஆண் வாரிசு வேண்டி ஒரே நேரத்தில் 17 பெண்களை மணந்த இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் மகனின்றி இறந்தார். மகளை வாரிசாக ஏற்கலாம் என்று ரெசிடெண்ட் ஃபோர்ப்ஸ் பரிந்துரைத்தார். ஆங்கிலக் கும்பினி இயக்குநர்கள் 1856-இல் மறுத்தனர்: இந்து அரசனின் மகளுக்கு ராஜ்யத்தில் உரிமை கிடையாது, பெரும் செலவில் பெயரளவு அரசைத் தொடர அப்படியோர் உரிமையைப் புதிதாகப் படைக்கவும் முடியாது என்பது அவர்கள் வாதம். சாத்திரத்தின் மேல் கும்பினிக்கு வந்த இந்தத் திடீர்ப் பற்று கணக்குப் புத்தகத்தோடு இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஏழே ஆண்டுகளில், 1863-இல், லண்டனிலிருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரீவி கவுன்சில் சிவகங்கை ஜமீனை மகளுக்குக் கொடுத்தது. 1829-இல் இறந்த ஜமீன்தார் கௌரி வல்லபத் தேவரின் மகள் காத்தம நாச்சியார், முப்பது ஆண்டுக்கு மேல் ஜமீனை வைத்திருந்த தந்தையின் சகோதரர் வழியினரை வழக்கில் வென்றார். ஜமீன் தந்தையின் தனிச்சொத்து, ஆகவே அண்ணன் தம்பி வழிக்கு முன் மகளுக்கே என்பது தீர்ப்பின் சாரம். வேலு நாச்சியார் ஆண்ட சீமையில் இது பொருத்தமான முடிவாகத் தோன்றலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1877-இல் காத்தம நாச்சியார் இறந்தபோது ஜமீன் அவருடைய மகனுக்குப் போகவில்லை. மகளின் உரிமை அவள் ஆயுளோடு நிற்பது. அடுத்த வாரிசைத் தகப்பனிலிருந்தே எண்ண வேண்டும் என்ற கணக்கில், கௌரி வல்லபரின் மற்றொரு மகள் வயிற்றுப் பேரனான துரைசிங்கத் தேவருக்கு அது சென்றது. 1881-இல் பிரீவி கவுன்சிலும் அதை உறுதி செய்தது. வழக்காடி வென்ற பெண் தன் பிள்ளைக்கு எதையும் விட்டுச் செல்ல முடியவில்லை. நம் நாட்டுப் பெண்ணுரிமை வரலாற்றில் 1863 அடிக்கடி பேசப்படுகிறது; 1881-ஐயும் சேர்த்தே பேச வேண்டும்.

அதே 1881 செப்டம்பரில் புதுச்சேரியில் வேறொரு ஆணை வந்தது. தம் சாதி, சமய வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க விரும்பிய இந்தியர் அப்படிச் செய்யலாம் என்றது அது. ரெனோன்சான் என்று இங்கே அழைக்கப்பட்ட அக்குடும்பங்களில் மகளும் மகனும் சம பங்கு பெற்றனர். மகள் பெற்ற பங்கு அவள் பிள்ளைக்கு இறங்கியது. மற்ற இந்துக் குடும்பங்கள் மாமூல் சட்டத்திலேயே இருந்தன. ஆனால் அந்தச் சிவில் சட்டம் பிறந்த 1804-லேயே நெப்போலியனின் பேரரசு வாரிசுரிமையிலிருந்து பெண்களை நிரந்தரமாக விலக்கியது. வீட்டில் சமம், அரியணையில் விலக்கு என்ற பிரிவினை கீழ்த்திசைக்கு மட்டும் உரியதல்ல.

பெண்வழி சென்ற அரியணைகளே இல்லையா என்றால், உண்டு. காகதீய ருத்திரமாதேவி தந்தையிடமிருந்து பட்டம் பெற்று, மகள் வயிற்றுப் பேரன் பிரதாபருத்திரனுக்குக் கொடுத்தார். ஆனால் அவர் ஆண் பெயர் பூண்டார். பேரனைத் தத்தெடுத்துக்கொண்டதாகவே சொல்லப்படுகிறது. வலுவான சான்று மேற்குக் கரையில் இருக்கிறது. இதே யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த மாகேயிலிருந்து அதிகத் தொலைவில்லாத கண்ணூரில், அறக்கல் குடும்பத்தில் ஆணோ பெண்ணோ வயதில் மூத்தவர் ஆட்சிக்கு வந்தார். மருமக்கள் தாயத்தில் குலமே தாய்வழி எண்ணப்பட்டதால், அங்கே ஆண்ட பீவிகள் எவருக்கும் காவல் நிற்கவில்லை. திப்புவின் காலத்தைக் கடந்து கும்பினியின் காலத்திலும் ஜுனும்மாபி 1777 முதல் 1819 வரை ஆண்டார். சுஜான் பாயின் ஓராண்டோடு இதை வைத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும்.

ஜப்பானுக்குத் திரும்புவோம். 2005-இல் பிரதமர் கொய்சுமியின் அரசு அமைத்த குழு, ஆண் பெண் பாராமல் மூத்த பிள்ளைக்குப் பட்டம், பெண்வழியும் செல்லும் என்று பரிந்துரைத்தது. இரண்டு கேள்விகளுக்கும் ஒருசேர விடை சொன்ன பரிந்துரை அது ஒன்றுதான். 2006-இல் ஹிசஹிதோ பிறந்ததும் அது மூட்டை கட்டப்பட்டது. 2021-இல் வந்த குழு வேறு இரண்டு வழிகளைச் சொன்னது: இளவரசியர் மணந்தபின்னும் அரச குடும்பத்தில் நீடிக்கலாம், பழைய கிளைக்குடும்பங்களின் ஆண்வழி ஆண்களைத் தத்தெடுக்கலாம். முதல் வழியில் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் அரச நிலை தருவது நோக்கமில்லை. அதாவது காத்தம நாச்சியாருக்குக் கிடைத்த ஆயுள் உரிமை, அதுவும் ஜமீன் இல்லாமல். இரண்டாவது வழி மீனாட்சியின் சுவீகாரம். எழுபதாண்டுக்கு மேல் சாதாரணக் குடிமக்களாக வாழ்ந்துவிட்ட குடும்பங்களிலிருந்து ஒரு வாலிபனைக் கொண்டுவந்தால், பேரரசரின் ஒரே மகளைவிட அவனுக்கு உரிமை அதிகம் என்று எதைக்கொண்டு நிறுவுவது? ஆண்வழி என்ற ஒன்றைத் தவிர வேறு விடை அக்குழுவின் அறிக்கையில் இல்லை.