முப்போட்டியின் வரலாறும் அது புகட்டும் பயிற்சி நெறியும்

நீந்துவோன், துவிச்சக்கரவண்டி செலுத்துவோன், ஓடுவோன் ஆகிய மூவருள் உடலாற்றலிற் சிறந்தவன் யாவன்? எளிதாகத் தோன்றும் இவ்வினாவே இன்று உலகெங்கும் பரவியுள்ள ஒரு விளையாட்டை வளர்த்தது. நீச்சல், வண்டியோட்டம், ஓட்டம் என்னும் மூன்றையும் இடையீடின்றி ஒருவரே நிகழ்த்தும் இப்போட்டியை ட்ரையத்லன் என்பர்; ஈண்டு முப்போட்டி எனக் குறிப்போம். இதனைத் தோற்றுவித்தோர் ஊதியங் கருதாத ஆர்வலரே. ஆதலின் புதிதாகப் பயில விழையும் ஆர்வலர்க்கு இதன் வரலாறே தக்க ஆசானாகும்.

1974ஆம் ஆண்டு செப்தெம்பர் 25ஆம் நாள், அமெரிக்க நாட்டுக் கலிபோர்னியா மாநிலத்துச் சன் டியேகோ நகரில், மிஷன் குடாவின் கரையில் ஜாக் ஜோன்ஸ்டன், டொன் ஷனகன் என்னும் இருவர் இப்போட்டியை நடாத்தினர். 46 பேர் அதனை முடித்தனர். இப்போட்டிக்கெனத் தனியாக அமைந்த கருவி எதுவும் அன்று இருந்ததில்லை. மாலையிற் தொடங்கிய போட்டி இருள் சூழ்ந்தும் முடியாமையால், மோட்டார் வண்டிகளின் விளக்கொளியைப் பாய்ச்சிப் பின்தங்கிய நீச்சற்காரர்க்கு வழிகாட்டினர்.

அன்று பங்குபற்றியவருள் ஒருவர் கடற்படை அலுவலரான ஜோன் கொலின்ஸ். அவரும் அவர்தம் மனைவியார் ஜூடியும் பின்னர் ஹவாய்த் தீவுகளுள் ஒன்றாகிய ஓவாகுவில் வாழ்ந்தனர். முதற்கண் கூறிய வினா அங்கே விவாதமாக எழுந்தபோது, அத்தீவின் மூன்று நெடும்போட்டிகளை ஒரே நாளில் இணைப்பதென அவர்கள் முடிவுசெய்தனர். 2.4 மைல் நீச்சல், 112 மைல் வண்டியோட்டம், 26.2 மைல் மரதன் ஓட்டம் என அஃது அமைந்தது. 1978ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் நாள் தொடங்கிய 15 பேருள் 12 பேரே முடித்தனர். கோர்டன் ஹாலர் 11 மணி 46 நிமிடம் 58 செக்கனில் வென்றார். மரதன் ஓட்டத்தை முன்னணியில் தொடங்கிய ஜோன் டன்பார், குடிநீர் தீர்ந்தமையாற் துணைவர் அளித்த பியரை அருந்தி ஓடி இரண்டாமிடமே பெற்றார். காலின் வலிமை மாத்திரம் போதாது என்பது முதலாண்டிலேயே புலனாயிற்று.

1982ஆம் ஆண்டு பெப்ரவரியில் நடந்த போட்டி இதனை மேலும் வலியுறுத்திற்று. மகளிருள் முதலாவதாக வந்துகொண்டிருந்த ஜூலி மொஸ் என்னும் மாணவி, எல்லைக்கோட்டை அணுகுகையிற் சோர்ந்து வீழ்ந்தார். கத்லீன் மக்கார்ட்னி அவரைக் கடந்து வென்றார். மொஸ் தவழ்ந்து சென்று கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் இதனைக் கண்டோர் பலர் இவ்விளையாட்டை நாடினர். அவரது மனவுறுதி போற்றற்குரியதே. எனினும் அந்நிலையை எய்தாவண்ணம் பயில்வதே அறிவுடைமை. உடலிற் சேமிப்பாயுள்ள மாச்சத்து சில மணிநேரக் கடும் உழைப்பில் தீர்ந்துவிடும். ஆதலின் வண்டியில் இருக்கும்போதே சிறிது சிறிதாக உண்ணல் வேண்டும். நீரோவெனின் குறைதலும் தீது, மிகுதலும் தீது. அளவிறந்து பருகின் குருதியில் உப்பின் செறிவு குன்றி உயிர்க்கே ஊறு நேரும் என்பது 1980களில் நெடுந்தூரப் போட்டியாளரிடம் கண்டறியப்பட்டது.

கருவிகளும் தேவைபற்றியே தோன்றின. குளிர்நீரில் நீந்துவோர்க்கென 1987ஆம் ஆண்டில் டான் எம்ஃபீல்ட் செயற்கை இறப்பராலான தனியுடையை அமைத்தார். அஃது உடலை மிதக்கச் செய்தலின், நீரின் வெப்பம் குறித்த எல்லையை மீறுமிடத்து விதிகள் அதனைத் தடுக்கின்றன. அக்காலத்திலேயே பனிச்சறுக்குப் பயிற்றுநர் பூன் லென்னன், முன்னோக்கி நீண்ட கைபிடியை வண்டிக்கு அமைத்தார். முப்போட்டியாளர் கைக்கொண்ட அக்கைபிடியைக் கொண்டே, 1989ஆம் ஆண்டு பிரான்சுச் சுற்றுப்போட்டியின் இறுதிநாளில் கிரெக் லெமொண்ட் 50 செக்கன் பின்னடைவை மாற்றி 8 செக்கன் வேறுபாட்டில் வாகை சூடினார். கருவியின் பயன் மெய்யே; ஆயின் தேர்ந்த வீரர்க்கே செக்கன்கள் வெற்றியைத் தீர்மானிக்கும். தொடக்கநிலையினர்க்குத் தலைக்கவசம், உடலுக்குப் பொருந்திய வண்டி, பாதத்துக்கேற்ற காலணி, நீச்சற் கண்ணாடி ஆகியனவே முதற்றேவை.

பயிற்சிக்கு மார்க் அலன் சான்றாவார். ஹவாயிற் பலமுறை தோல்வியுற்ற அவர், பிலிப் மபெட்டோனின் அறிவுரைப்படி நாடித்துடிப்பை வரையறுத்து, மெதுவாகவும் நெடுநேரமும் பயின்றார். 1989ஆம் ஆண்டில் ஆறுமுறை வென்றிருந்த டேவ் ஸ்கொட்டை 58 செக்கன் வேறுபாட்டில் வென்றார். பின்னரும் ஐந்துமுறை அங்கு வாகை சூடினார். ஆர்வலர் பலர் நாள்தோறும் விரைந்து பயின்று காயமுற்று விலகுகின்றனர். அவர்க்கு இவ்வரலாறு நன்மருந்தாகும்.

2000ஆம் ஆண்டிற் சிட்னி ஒலிம்பிக்கில் இடம்பெற்ற முப்போட்டி, 2018ஆம் ஆண்டில் 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் வண்டியோட்டம், 21.1 கிலோமீற்றர் ஓட்டம் கொண்டதாகக் கொழும்பிலும் நடைபெற்றது. இதில் ஈடுபட விழையும் மாணவர் முதலிற் கடலில் துணையோடு நீந்தப் பழகுக. வண்டியினின்று இறங்கியவுடன் ஓடிப் பழகுக. பயிற்சியின் அளவை வாரந்தோறும் சிறிதே கூட்டுக. விலையுயர்ந்த கருவியைப் பின்னரும் வாங்கலாம். கெட்ட உடலை மீட்டல் அரிது.