வயலினும் தாய்மொழியும்: பெற்றோர்க்கான ஒரு வரலாறு

வாரயிறுதிகளில் சிராங்கூன் சாலைப் பக்கம் நடப்பவர்கள், தம் உயரத்தில் பாதியளவு இருக்கும் வயலின் பெட்டியைச் சுமந்து செல்லும் சிறுவர் சிறுமியரைக் கண்டிருப்பார்கள். அக்குழந்தைகளுள் சிலர் என் தமிழ் வகுப்பிலும் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் இசையாசிரியரிடம் கேட்கும் கேள்வியும் என்னிடம் கேட்கும் கேள்வியும் ஏறக்குறைய ஒன்றே. "எங்களுக்கு வயலின் வாசிக்கத் தெரியாது, பிள்ளைக்கு எப்படி உதவுவது?" என்பது அங்கே. "எங்களுக்குத் தமிழ் சரளமாக வராது, பிள்ளைக்கு எப்படி உதவுவது?" என்பது இங்கே.

முதற் கேள்விக்கான விடையைத் தாய்மொழியில் தேடிக் கண்டவர் ஒருவர் உண்டு. அவர் மொழியாசிரியர் அல்லர். ஜப்பானைச் சேர்ந்த வயலின் ஆசிரியர். ஷினிச்சி சுசூகி என்பது அவர் பெயர். அவருடைய வரலாற்றையும், நம்மவர் வீடுகளில் வயலின் வளர்ந்த வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மேற்கண்ட இரு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைக்கும் என்பது என் எண்ணம்.

வயலின் தொழிற்சாலையில் வளர்ந்தவர்

சுசூகி 1898 ஆம் ஆண்டு நாகோயா நகரில் பிறந்தார். தந்தை மசாகிச்சி சுசூகி, ஷாமிசென் என்னும் ஜப்பானிய நரம்புக் கருவியைச் செய்யும் குடும்பத்தில் பிறந்து, பின்னர் வயலின் செய்யும் பெரிய தொழிற்சாலையை நிறுவியவர். ஆயிரக்கணக்கான வயலின்களுக்கு நடுவே வளர்ந்தும் மகனுக்கு இளமையில் எவரும் வாசிக்கக் கற்றுக் கொடுக்கவில்லை. பதினேழு வயதளவில் மிஷா எல்மன் என்னும் கலைஞரின் இசைத்தட்டைக் கேட்ட பிறகே அவர் வயலினைக் கையில் எடுத்தார். 1920களில் ஜெர்மனிக்குச் சென்று கார்ல் கிளிங்லரிடம் பயின்றார். 1928 இல் வால்ட்ராட் என்னும் ஜெர்மானியப் பெண்மணியை மணந்து, தாய்நாடு திரும்பினார்.

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று நாம் கூறுவதுண்டு. பதினேழில் தொடங்கிய சுசூகி, அந்தத் தாமதத்தின் சுமையை நன்கு உணர்ந்தவர். பிற்காலத்தில் இளங்குழந்தைகள்மீது அவர் காட்டிய அக்கறைக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எல்லாக் குழந்தைகளும் பேசுகிறார்கள்

1930களின் தொடக்கத்தில் ஒரு தந்தை தம் நான்கு வயது மகனைச் சுசூகியிடம் அழைத்து வந்து வயலின் கற்பிக்குமாறு வேண்டினார். அதுவரை இளைஞர்களுக்கே கற்பித்துப் பழகியிருந்த சுசூகிக்கு, அத்தனைச் சிறிய குழந்தைக்கு எப்படிக் கற்பிப்பது என்பது விளங்கவில்லை. அதைப் பற்றிச் சிந்தித்த நாள்களில் அவர் மனத்தில் பளிச்சிட்ட உண்மை மிக எளியது: ஜப்பானியக் குழந்தைகள் எல்லாரும் ஜப்பானிய மொழி பேசுகிறார்கள்! ஒலிநுட்பங்கள் நிறைந்த ஒரு மொழியை எந்தக் குழந்தையும் "எனக்குத் திறமை இல்லை" என்று கைவிடுவதில்லை. அப்படியானால் அந்தக் கல்விமுறையில்தான் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் முடிவு செய்தார். அன்று வந்த சிறுவன் தோஷியா எட்டோ, பின்னாளில் புகழ்பெற்ற வயலின் கலைஞரானார்.

குழந்தை எவ்வாறு தாய்மொழியைக் கற்கிறது? பேசுவதற்கு முன்பு பல மாதங்கள் கேட்கிறது. ஒரு சொல்லைச் சொன்னதும் வீட்டார் மகிழ்கிறார்கள். கற்ற சொல்லை ஒதுக்கிவிடாமல் நாள்தோறும் பயன்படுத்துகிறது. எழுத்தை மிகப் பின்னரே அறிகிறது. இந்த நான்கையும் சுசூகி வயலினுக்குக் கொண்டுவந்தார். பாடல்களின் ஒலிப்பதிவு வீட்டில் நாள்தோறும் ஒலிக்க வேண்டும். கற்ற பாடலை மீண்டும் மீண்டும் வாசிக்க வேண்டும். இசைக்குறியீட்டை வாசிப்பது, கையும் காதும் பழகிய பிறகே. குழந்தையின் உடலுக்கேற்ற 1/16, 1/10, 1/8 அளவுச் சிறு வயலின்கள் வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது பெற்றோரின் பங்கு. சுசூகி முதலில் குழந்தையின் கையில் வயலினைக் கொடுப்பதில்லை. தாயின் கையில் கொடுத்தார். தாய் ஓர் எளிய பாடலை வாசிக்கக் கற்பார். அதைப் பார்க்கும் குழந்தை, "எனக்கும் வேண்டும்" என்று தானாகக் கேட்கும். கேட்ட பிறகே பாடம் தொடங்கும். வகுப்பில் தாயும் உடன் அமர்ந்து கவனிப்பார். வீட்டில் அவரே ஆசிரியராக இருப்பார். அவர் கலைஞராக வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஓரடி முன்னே நடந்தால் போதும்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946 முதல் மட்சுமோட்டோ நகரில் இம்முறை வேரூன்றியது. பசியும் இழப்பும் சூழ்ந்த காலத்தில், குழந்தைகளின் உள்ளத்தைப் பண்படுத்துவதே தம் நோக்கம் என்றும், தொழில்முறைக் கலைஞர்களை உருவாக்குவது அன்று என்றும் சுசூகி வலியுறுத்தினார். 1955 இல் டோக்கியோவில் ஏறத்தாழ 1,200 குழந்தைகள் ஒன்றுகூடி வாசித்தனர். 1964 இல் அவர் பத்துக் குழந்தைகளை அமெரிக்காவுக்கு அழைத்துச் சென்றார். அவர்களின் வாசிப்பைக் கேட்ட ஆசிரியர்கள் வியந்தனர். இம்முறை உலகெங்கும் பரவியது. 1998 இல், நூறாவது வயதை எட்டும் முன்னர், சுசூகி மறைந்தார்.

தமிழ் வீடுகளில் வயலின்

சுசூகி பிறப்பதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே வயலின் தமிழகத்துக்கு வந்துவிட்டது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய இசைக்கலைஞர் ஒருவரிடம் அதைக் கற்று, நம் இசைக்குப் பயன்படுத்தினார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834 இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். நின்றுகொண்டு வாசிக்கப்பட்ட கருவி, நம்மிடம் வந்ததும் தரையில் சம்மணமிட்டு அமர்ந்தது.

அதன்பின் அது பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கைமாறியது. லால்குடி ஜெயராமனுக்கு (1930–2013) ஆசிரியர் அவருடைய தந்தை கோபால ஐயர். டி.என். கிருஷ்ணனும் (1928–2020) அவர் தங்கை என். ராஜமும் தம் தந்தை நாராயண ஐயரிடம் பயின்றவர்கள். யாழ்ப்பாணத்தில் இசையாசிரியராக இருந்த வி. லட்சுமிநாராயணா, தம் மைந்தர்களான வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகியோருக்குத் தாமே கற்பித்தார். 1958 கலவரத்தையடுத்து அக்குடும்பம் இலங்கையை விட்டுச் சென்னைக்கு வர நேர்ந்தது. ஊர் மாறியும் பயிற்சி தொடர்ந்தது. ஆசிரியர் வீட்டிலேயே இருந்தாரல்லவா!

இன்னும் உருக்கமான எடுத்துக்காட்டு எம். சந்திரசேகரன். 1937 இல் பிறந்த அவர், சின்னஞ்சிறு வயதிலேயே பார்வையை இழந்தார். அவருக்கு வயலின் கற்பித்தவர் தாயார் சாருபாலா மோகன். வில்லையும் விரலையும் பார்த்துக் கற்க இயலாத பிள்ளைக்குத் தாயின் கையும் குரலும் வழிகாட்டின. அந்தப் பிள்ளை 2005 இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்றார்.

இம்மரபைச் சுசூகி முறையோடு ஒப்பிட்டால், ஒற்றுமைகள் பல உள்ளன: கேள்வி ஞானம், சிறு வயதுத் தொடக்கம், நாள்தோறும் பயிற்சி, வீட்டிலேயே ஆசிரியர். வேற்றுமை ஒன்றே. நம் மரபில் பெற்றோர் வித்துவானாக இருந்தால்தான் பிள்ளைக்கு இந்தப் பேறு கிடைக்கும். வித்துவான் அல்லாத பெற்றோரும் இப்பணியைச் செய்யலாம் என்று செய்து காட்டியதே சுசூகியின் சாதனை. ஒரு சில குடும்பங்களின் சொத்தாக இருந்த வாய்ப்பை அவர் எல்லா வீடுகளுக்கும் பொதுவாக்கினார்.

சிங்கப்பூரில்

நம் நாட்டிலும் தந்தை மகளுக்குக் கற்பித்த வரலாறு உண்டு. பல தலைமுறை மாணவர்களை உருவாக்கிய வயலின் ஆசிரியர் கோ சூன் தியோவிடம் (1911–1982) பயின்றவர்களுள் அவர் மகள் விவியன் கோவும் ஒருவர். 1980 இல் தொடங்கிய சிங்கப்பூர் இளையர் இசைக்குழுவை முதலில் வழிநடத்தியவர் அவரே. கர்நாடக இசைக்கு, 1949 இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் பல்லாண்டுகளாக வகுப்புகள் நடத்திவருகிறது. சுசூகி முறையில் பயிற்றுவிக்கும் ஆசிரியர்களும் இங்கு உள்ளனர்.

ஆனால் நம்மில் பலர், கட்டணம் செலுத்திப் பிள்ளையை வகுப்பு வாசலில் விட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். வாரத்துக்கு அரைமணி நேரப் பாடம். எஞ்சிய நேரமெல்லாம் அமைதி. ஓராண்டில் வயலின் பெட்டி கட்டிலுக்கு அடியில் சென்றுவிடுகிறது. "அவனுக்கு ஆர்வமில்லை" என்ற தீர்ப்பும் வந்துவிடுகிறது.

தமிழுக்கும் இதே நிலைதான். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 5 வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 3.3 விழுக்காடு. 2020 இல் அது 2.5 விழுக்காடு. பள்ளியில் 'தாய்மொழி' என்று பெயர் பெற்ற பாடம், பல வீடுகளில் தாய் பேசாத மொழியாகிவிட்டது. சுசூகி எதைப் பார்த்துத் தம் முறையை வகுத்தாரோ, அந்த இயல்பான வீட்டுச் சூழல்தான் நம்மிடம் குறைந்துவருகிறது. மொழியிடமிருந்து வயலின் கற்ற பாடத்தை, இன்று வயலினிடமிருந்து நாம் திரும்பக் கற்க வேண்டியிருக்கிறது.

பெற்றோர் செய்யத்தக்கவை

1. கேட்கச் செய்யுங்கள். உணவு நேரத்திலோ மகிழுந்துப் பயணத்திலோ பாடப் பாடல்கள் மெல்ல ஒலிக்கட்டும். தமிழுக்கும் அவ்வாறே, கதையோ வானொலியோ எதுவாயினும் சரி.

2. வகுப்பில் அமருங்கள். ஆசிரியர் அனுமதித்தால் குறிப்பெடுத்துக் கொள்ளுங்கள். வில் பிடிக்கும் முறையை நீங்களும் செய்து பாருங்கள். அது எத்தனைக் கடினம் என்று தெரிந்தால் கோபம் குறையும்.

3. நேரத்தை விட ஒழுங்கு பெரிது. நான்கு வயதுக் குழந்தைக்குப் பத்து நிமிடம் போதும். ஆனால் நாள்தோறும் வேண்டும்.

4. பழைய பாடலைக் கைவிடாதீர்கள். புதிய பாடல் வந்தாலும் பழையதை வாசிக்கச் சொல்லி மகிழ்ந்து கேளுங்கள். 'அம்மா' என்னும் சொல்லைக் கற்றுவிட்டதால் எந்தக் குழந்தையும் அதைச் சொல்லாமல் நிறுத்திவிடுவதில்லை.

5. காவலராகாதீர்கள். உடனிருத்தல் வேறு, குற்றம் கண்டுபிடித்தல் வேறு. பிழையைத் திருத்துமுன் நன்றாக அமைந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

இம்முறையில் குறையே இல்லை என்று நான் கூற வரவில்லை. செவிவழியே பழகிய பிள்ளைகள் இசைக்குறியீட்டை வாசிப்பதில் பின்தங்கலாம் என்ற விமர்சனம் உண்டு. அதனால் ஆசிரியர்கள் பலர் வாசிப்பையும் முன்னதாகவே தொடங்குகின்றனர். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து திரும்பும் பெற்றோரிடம் பத்து நிமிடமும் பெரிய வேண்டுகோள்தான் என்பதையும் அறிவேன். தாத்தா, பாட்டி, அக்காள் என யார் அமர்ந்தாலும் பயனுண்டு.

சாருபாலா அம்மையாரைப்போல் நமக்கு வயலின் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மட்சுமோட்டோவின் தாய்மார்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. வரும் பள்ளித் தவணையின் பத்து வாரங்களுக்கு மட்டும், நாளுக்குப் பத்து நிமிடம், வயலினோடோ தமிழோடோ பிள்ளையின் அருகில் அமர்ந்து பாருங்கள். தவணை முடிவில் பெற்றோர் சந்திப்புக்கு வரும்போது, என்ன மாற்றம் கண்டீர்கள் என்று சொல்லுங்கள். கேட்க ஆவலாக இருக்கிறேன்.