கரையும் கணக்கும்: மதுரைக் கண்மாய்கள் காக்கப்பட்ட வரலாறு

பாண்டிய மன்னர்களின் 12, 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளில் ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்னும் தொடர் பயின்று வருகிறது. மாடக்குளக்கீழ் மதுரையில் உள்ள கோயிலில் வீற்றிருந்து மன்னன் ஆணை பிறப்பித்தான் என்று அவை கூறும். ஈண்டுக் கோயில் என்பது அரண்மனையைக் குறிக்கும். மாடக்குளம் என்பது, இன்றைய பழங்காநத்தத்திற்கு மேற்கே நீண்ட கரையுடன் கிடக்கும் பெருங்கண்மாய். நான்மாடக்கூடல் என்றும் ஆலவாய் என்றும் புகழப்பெற்ற ஒரு தலைநகர், அரசாணையில் தன் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டியபோது ஒரு கண்மாயின் பெயரைச் சொன்னது. கண்மாய் இன்ன ஊரில் உள்ளது என்பதே உலக வழக்கு. ஊர் இன்ன கண்மாயின் கீழ் உள்ளது என்று எழுதிய வழக்கில், அக்காலத்தவர் நீர்நிலைக்கு அளித்த மதிப்பு புலப்படுகிறது.

அத்தகைய நீர்நிலைகளைச் செப்பனிட அரசு பொருள் வழங்குவது மதுரை மண்ணில் புதிய செய்தியன்று. மன்னராட்சியிலும், ஆங்கிலேயர் ஆட்சியிலும், மக்களாட்சியிலும் அது நிகழ்ந்துள்ளது. எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. இத்தனை முறை செப்பனிட்ட பின்னும் கண்மாய்கள் மீண்டும் மீண்டும் சீர்கேடு அடைவது ஏன்? கரையைக் கட்டுவது ஒரு பணி. கட்டிய கரையையும் அதனுள் நிற்கும் நீரையும் நாள்தோறும் பார்த்துக் கணக்கு வைப்பது மற்றொரு பணி. முன்னதற்குப் பொருள் கிடைத்த காலங்கள் பல. பின்னதற்கு ஆள் இருந்த காலங்கள் சில. கண்மாய்கள் செழித்ததும் நலிந்ததும் பெரும்பாலும் இவ்விரண்டாவது பணியைப் பொறுத்தே அமைந்தன என்பதை வரலாறு காட்டுகிறது.

பழைய ஏற்பாடு

புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுறுத்துகிறார். மறுமைச் செல்வமும் வெற்றியும் நிலைத்த புகழும் வேண்டின், நீரைத் தேக்கி வை என்பதே அவ்வறிவுரையின் சாரம். நீர்நிலை அமைப்பது அரசனின் கடமை என்னும் கொள்கை அத்துணைப் பழமையானது.

அமைத்ததைக் காக்கும் பொறுப்போ ஊரிடம் இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவ்வாரியத்தார் ஏரிப் பராமரிப்பைக் கவனித்தனர். ஏரியின் பராமரிப்புக்கென ஏரிப்பட்டி என்ற பெயரில் நிலம் விடப்பட்டதும் உண்டு. அந்நிலத்தின் விளைச்சல் ஆண்டுதோறும் வந்ததால் பராமரிப்பும் ஆண்டுதோறும் நடந்தது. ஒருமுறை கொடுத்து ஓயும் நிதியாக அது அமையவில்லை என்பது கருதத்தக்கது.

பாண்டி நாட்டுக் கண்மாய்களில் இப்பொறுப்பின் கடைசிக் கண்ணியாக நின்றவர் நீர்பாய்ச்சி அல்லது மடைக்குடும்பன் எனப்பட்டவர். மடையைத் திறப்பதும் அடைப்பதும், எந்த வயலுக்கு எத்தனை நாழிகை நீர் என்று முறைவைப்பதும், மழை இரவில் கரையைச் சுற்றி வந்து எலிவளை வழியே நீர் கசிகிறதா என்று பார்ப்பதும் அவர் கடன். அறுவடைக் களத்தில் அவருக்கெனக் கூலி நெல் ஒதுக்கப்பட்டது. கண்மாய் நிறைந்தால் அவர் களஞ்சியமும் நிறையும். கோடையில் உழவர் வண்டல் எடுத்து வயலுக்கு இட்டனர். மாடக்குளத்தை அடுத்த விளாச்சேரி போன்ற ஊர்களில் மண்ணை வனைந்து வாழ்ந்தோருக்கும் கண்மாய் மண்ணே மூலதனம். தூர்வாருதல் தனியொரு திட்டமாக இல்லாமல் பலருடைய பிழைப்பின் பகுதியாகவே நடந்தேறியது.

நினைவேட்டின் காலம்

1801க்குள் மதுரைச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனியின் நிருவாகத்திற்கு உட்பட்டது. நிலவரியே முதன்மையான ஆட்சியில், ஊர்களின் பழைய மானியங்களும் பொதுப்பொறுப்புகளும் வலுவிழந்தன. குடிமராமத்து என வழங்கிய கூட்டுழைப்பு தளர்ந்தது. அதனைச் சட்டத்தால் மீட்க 1858இல் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஊரார் தாமாகச் செய்துவந்த பணியைச் செய்யத் தவறினால் தண்டம் விதிக்கலாம் என்ற நிலை வந்தது. எனினும், உரிமையோடு பிணைந்திருந்த கடமையை உரிமை நீங்கிய பின் சட்டத்தால் பெற இயலவில்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை உலுக்கியது. அதன்பின் 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை அளித்தது. 1883இல் சென்னை மாகாண அரசு ஏரிச் சீரமைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தனித்தனியே உடைப்பெடுத்த கரைகளை அடைப்பதை விடுத்து, ஆற்றுப்படுகை வாரியாகக் கண்மாய்களை ஆய்ந்து சீரமைக்கும் முயற்சி இது.

இத்திட்டத்தின் அரும்பயன், ஒவ்வொரு கண்மாய்க்கும் எழுதப்பட்ட நினைவேடு. கரையின் நீளமும் உயரமும், மடைகளின் எண்ணிக்கையும் அடிமட்டமும், கலிங்கின் அளவும், நிறைநீர் மட்டமும், கொள்ளளவும், ஆயக்கட்டும் அதில் பதிவாயின. ஒரு கண்மாய் எப்படி இருந்தது என்பதை அறிந்தால்தான் அது எவ்வளவு கெட்டது என்பதைச் சொல்ல முடியும். அவ்வகையில் இந்நினைவேடுகள் இம்மண்ணில் கண்காணிப்புக்கு இடப்பட்ட எழுத்து வடிவ அடித்தளம் ஆகும். ஆனால் ஏடு அலுவலகத்தில் இருந்தது. கண்மாய் ஊரில் இருந்தது. இரண்டையும் ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு வேரூன்றவில்லை. இதற்கிடையே 1895இல் பெரியாறு அணையும், 1959இல் வைகை அணையும் திறக்கப்பட்டன. பெரும் அணைகளின் மீது ஆட்சியாளர் கண் பதிந்ததால் சிறு கண்மாய்கள் இரண்டாம் இடத்திற்குச் சென்றன.

திட்டங்களின் வரிசை

விடுதலைக்குப் பின் திட்டங்கள் ஒன்றையொன்று தொடர்ந்தன. தமிழகத்தில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. 1981இல் சுவீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் கண்மாய் உள்வாய்களில் கருவேல மரங்கள் நடப்பட்டன. விறகும் ஊராட்சிக்கு வருவாயும் கிட்டின. நீர் நிற்கும் இடத்தை மரம் அடைத்தது என்ற குறையும் எழுந்தது. 1984இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் நிதியுதவியுடன் ஏரிகளை நவீனப்படுத்தும் திட்டம் வந்தது. மடைக்குக் கீழுள்ள வாய்க்கால்களுக்குச் சிமெண்டுப் பூச்சு இடுவதில் அது மிகுந்த கவனம் செலுத்தியது. நீர் வந்து சேரும் வரத்துக் கால்வாய்கள் அந்த அளவு கவனம் பெறவில்லை.

1995இல் உலக வங்கியின் கடனுதவியோடு நீர்வள ஒருங்கிணைப்புத் திட்டமும், 2007இல் நீர்வள நிலவளத் திட்டமும் நடைமுறைக்கு வந்தன. 2000இல் இயற்றப்பட்ட சட்டம் பாசனப் பராமரிப்பில் உழவர் சங்கங்களுக்கு இடமளித்தது. 2005இல் மத்திய அரசு நீர்நிலைகளைப் பழுதுபார்த்துப் புதுப்பிக்கும் திட்டத்தை முன்னோடி முயற்சியாகத் தொடங்கியது. 2007இல் ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாடு அரசு தனிச்சட்டம் இயற்றியது. 2017இல் குடிமராமத்து என்ற பழம்பெயரிலேயே ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. அதன் முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2022இல் 100 சதுப்பு நிலங்களையும் நீர்நிலைகளையும் மீட்பதற்கென ஈரநில இயக்கம் அமைக்கப்பட்டது.

இவ்வரிசையைப் பழிப்பது நேர்மையாகாது. பல கரைகள் இத்திட்டங்களால் நின்றன. பல மடைகள் மறுபடி இயங்கின. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை, வயலகங்கள் என்னும் உழவர் குழுக்களைத் திரட்டிக் கண்மாய்ப் புனரமைப்பில் நெடுங்காலம் உழைத்துவருகிறது. ஆயினும் அரசுத் திட்டங்களுக்கு ஒரு பொது இயல்பு உண்டு. அவற்றுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் இருந்தன. தூர்வாரிய மண்ணின் கன அளவு கணக்கில் ஏறியது. தூர்வாரிய மூன்றாம் ஆண்டில் கண்மாய் எத்தனை நாள் நீர் தாங்கியது, நீரின் தன்மை யாது, மீன் எவ்வளவு, பறவை எத்தனை என்ற கணக்கு பெரும்பாலும் எழுதப்படவில்லை. பணி முடிந்த நாளோடு பார்வையும் முடிந்தது.

சிலிகா காட்டிய வழி

நிதியும் கண்காணிப்பும் இணைந்தால் என்ன நிகழும் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. ஒடிசாவின் சிலிகா ஏரி கடலோடு இணைந்த உவர்நீர்ப் பெருநிலை. அளவிலும் இயல்பிலும் மதுரைக் கண்மாய்க்கு ஒப்பாகாது. ஆனால் அதனை நிருவகித்த முறை இங்கு எண்ணத்தக்கது. 1981இல் ராம்சர் உடன்படிக்கையின் கீழ் இந்தியாவில் முதலாவதாகப் பட்டியலிடப்பட்ட ஈரநிலங்களுள் அதுவும் ஒன்று. ஆறுகள் கொணர்ந்த வண்டலால் கடல்வாய் அடைபட்டு, உவர்ப்புக் குறைந்து, களைகள் பெருகி, மீன்வளம் வீழ்ந்தது. 1993இல் அது சீர்கெடும் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

அதற்கு முன்பே, 1991இல், ஒடிசா அரசு சிலிகா வளர்ச்சி ஆணையத்தை நிறுவியிருந்தது. நிதிக் குழுவின் சிறப்பு நிதி கிடைத்தது. புனேயிலுள்ள மத்திய நீர் மின் ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வு முடிவுகளைக் கொண்டு, 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய கடல்வாய் வெட்டப்பட்டது. 1,700 டன் அளவுக்குத் தாழ்ந்திருந்த ஆண்டு மீன்பிடிப்பு, ஈராண்டுக்குள் 10,000 டன்னைக் கடந்தது. 2002இல் சீர்கெடும் பட்டியலிலிருந்து சிலிகா நீக்கப்பட்டது; ஆணையத்திற்கு ராம்சர் விருதும் கிட்டியது.

வெட்டிய வாய்க்காலோடு பணி நின்றிருந்தால் இவ்வெற்றி நிலைத்திராது. ஆணையம் கலைக்கப்படவில்லை. பர்குலில் ஆய்வு நிலையம் அமைந்தது. ஏரியின் பல இடங்களில் உவர்ப்பும் நீர்த்தன்மையும் தொடர்ந்து அளக்கப்பட்டன. இறங்கும் மீனின் அளவும், வலசைப் பறவைகளும், ஐராவதி ஓங்கில்களும் எண்ணப்பட்டன. 2012இல் ஏரியின் நலத்தை மதிப்பிட்டுக் காட்டும் அறிக்கை அட்டையும் வெளியிடப்பட்டது. மடைக்குடும்பன் இரவில் கரை சுற்றிச் செய்த வேலையைத்தான் அங்கே கருவிகளும் ஆய்வாளரும் விரிந்த அளவில் செய்கின்றனர்.

மதுரைக்கு அண்மையிலும் எளிய சான்று ஒன்று உண்டு. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இல் பறவைகள் காப்பிடமாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கூடுகட்டும் பறவைகள் அஞ்சுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. அரசாணை காப்பிடத்தின் எல்லையை வரைந்தது. அதனை உயிருள்ள எல்லையாக வைத்திருப்பவர் ஊரார்.

மாடக்குளக்கீழ் இன்று

மதுரை நகரம் வளர வளரக் கண்மாய்கள் ஊர்ப்பெயர்களாகச் சுருங்கின. உலகனேரி தன் பெயரிலேயே ஏரியைச் சுமக்கிறது. 2004இல் உயர்நீதிமன்றக் கிளை அங்குதான் திறக்கப்பட்டது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் பல பின்னர் அதே மன்றத்தில் விசாரிக்கப்பட்டது காலத்தின் விந்தை. மத்திய அரசு 2023இல் வெளியிட்ட முதல் நீர்நிலைக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் 1,06,957 நீர்நிலைகளைப் பதிவு செய்தது. 8,000க்கும் மேற்பட்டவை ஆக்கிரமிப்புக்கு உள்ளானவை என்றும் கூறியது.

மாடக்குளம் இன்றும் நீர் ஏந்துகிறது. வைகையில் நீர் வரும் ஆண்டுகளில் அதன் பரப்பு விரிந்து கிடப்பதைக் கரையில் நின்று காணலாம். ஆனால் அதன் கீழிருந்த வயல்களில் பெரும்பகுதி தெருக்களாகவும் மனைகளாகவும் மாறிவிட்டது. வயல் குறைந்ததும் ஆயக்கட்டுதாரர் குறைந்தனர். களத்து நெல் நின்றதும் நீர்பாய்ச்சியின் பணியும் பொருளிழந்தது. கண்மாய்க்கு உரியவர் யார் என்னும் கேள்விக்கு விடையில்லாமற் போனதே இன்றைய சிக்கலின் வேர்.

அதற்கு விடை மண்ணுக்கு அடியில் உள்ளது. கண்மாய் நிறைந்தால் சுற்றுப்புறக் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் நீர்மட்டம் உயர்கிறது. கண்மாய் வறண்டால் அவையும் தாழ்கின்றன. பழங்காநத்தத்து வீடொன்றில் குழாயைத் திறப்பவரும் இன்று மாடக்குளத்தின் ஆயக்கட்டுதாரரே. அன்றைய ஆயக்கட்டு கண்ணுக்குத் தெரிந்தது, இன்றையது தெரியவில்லை. கண்மாய்க்குள் கழிவுநீர் கலந்தால் அதன் கேடும் அதே வழியில் வீடு வந்து சேரும். ஆகவே 1883இல் தொடங்கிய நினைவேட்டில் புதிய பக்கங்கள் சேர வேண்டும். நிறைநீர் மட்டத்தோடு நீரின் தூய்மையும், கரையின் உயரத்தோடு கிணற்று மட்டமும், கொள்ளளவோடு ஆகாயத்தாமரையின் பரவலும், ஆயக்கட்டோடு பறவைகளின் எண்ணிக்கையும் ஆண்டுதோறும் பதிவாக வேண்டும். அவ்வேடு அலுவலக அலமாரியில் மட்டுமன்றி, பள்ளியிலும் வார்டு அலுவலகத்திலும் எவரும் புரட்டிப் பார்க்கும்படி இருத்தல் வேண்டும்.

கரை கட்டும் நிதியில் சிறு பகுதியே இதற்குப் போதுமானது. ஏரிப்பட்டி நிலம் விட்டவர்கள் அறிந்திருந்த உண்மை இது: ஒருமுறை வழங்கும் பெருங்கொடையைவிட ஆண்டுதோறும் வரும் சிறு விளைச்சல் ஒரு நீர்நிலையை நெடுங்காலம் காக்கும். பாண்டியர் கல்வெட்டில் தலைநகரின் முகவரியாக நின்ற மாடக்குளம், இன்னும் அதே இடத்தில், அதே நகரத்திற்கு நீர் ஊட்டிக்கொண்டிருக்கிறது. அதன் கீழ் வாழ்வோர் அதனை அறிந்து கணக்கெழுதத் தொடங்கும் நாளில், ‘மாடக்குளக்கீழ் மதுரை’ என்னும் பழந்தொடர் மீண்டும் பொருள் பெறும்.