மூளையில் எழுதியது யார்?

'பொம்பளை மூளை அப்படித்தான்' என்று சொல்ல 19ஆம் நூற்றாண்டில் ஒரு தராசு போதுமாயிருந்தது. பிரான்ஸில் ப்ரோக்கா மூளைகளை நிறுத்துப் பார்த்து, பெண்ணுடையது எடை குறைவு என்றார். தராசு மதிப்பிழந்த பிறகு அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது ஹார்மோன்.

1959இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஃபீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகிய நால்வர் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சினையாயிருந்த கினிப்பன்றிகளுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டார்கள். பிறந்த பெண்குட்டிகள் வளர்ந்தபின், பெண் ஹார்மோன்கள் கொடுத்தும், புணர்ச்சிக்கு இணங்கும் தோரணை அவற்றிடம் குறைவாகவே இருந்தது. கருவிலேயே ஹார்மோன் நரம்புத்திசுவை 'ஒழுங்கமைக்கிறது', வளர்ந்தபின் அதைத் தூண்டிவிட மட்டுமே செய்கிறது என்றார்கள். இதை மறுக்க வேண்டியதில்லை. சிக்கல், இந்தச் சொல் கூண்டைவிட்டு வெளியே வந்ததுதான். கினிப்பன்றியின் புணர்ச்சி பற்றிய முடிவு, கணக்கு, சமையல், தாய்மை, தலைமை எல்லாவற்றுக்கும் தலைவிதி ஆகிப்போச்சு.

ஆய்வுக்கூடமோ அந்த விதியைத் தானே கலைத்துக்கொண்டிருந்தது. 'பெண் ஹார்மோன்' என்று பெயர்பெற்ற ஈஸ்ட்ரோஜனை 1934இலேயே ஸோண்டெக் ஆண்குதிரையின் மூத்திரத்தில் ஏராளமாகக் கண்டிருந்தார். எலிக்குட்டியின் டெஸ்டோஸ்டிரோன் மூளைக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறித்தான் 'ஆண்' வேலையில் பெரும்பகுதியைச் செய்கிறது என்பது 1970களில் தெரியவந்தது. 1980களில் சீலியா மூர் தாய் எலியைக் கவனித்தார். அது ஆண்குட்டிகளைத்தான் அதிகம் நக்குகிறது. நக்குவது குறைந்தால், வளர்ந்த ஆணின் புணர்ச்சி நடத்தையே மாறுகிறது. ஆண்குட்டியைத் தாய்க்குக் காட்டிக்கொடுப்பது வாடை. அந்த வாடைக்குக் காரணம் ஹார்மோன். இதில் உடல் எது, வளர்ப்பு எது? எலியிடமே பிரிக்க முடியல.

அப்படியென்றால் எல்லாம் வளர்ப்புதான் என்று நாம் சொல்லிவிடலாமா? அதையும் ஒருவர் செய்து பார்த்தார். கனடாவில் விருத்தசேதன விபத்தில் குறியை இழந்த ஓர் ஆண்குழந்தையை, ஜான் மணியின் ஆலோசனைப்படி 1967இல் அறுவை செய்து பெண்ணாக வளர்த்தார்கள். பரிசோதனை வெற்றி என்று மணி எழுதினார். அந்தக் குழந்தையோ பதின்வயதில் ஆணாக வாழத் தொடங்கியது. டேவிட் ரீமர் என்ற பெயரில் தன் கதையை உலகத்துக்குச் சொன்ன அவர், 2004இல் தற்கொலை செய்துகொண்டார்.

'எல்லாம் ஹார்மோன்', 'எல்லாம் வளர்ப்பு' என்ற இரண்டு பேச்சும் ஒரே அதிகாரத்தின் பேச்சுத்தான்: உன் உடல் என்னவென்று உன்னைவிட எனக்குத் தெரியும் என்பது. பெண்ணியம் பேசுகிற நாம் ஹார்மோனை மறுத்து இதை வெல்ல முடியாது. அந்த உடலுக்குரியவரிடம் கேட்காமல் தீர்ப்பெழுதும் உரிமையைத்தான் மறுக்க வேண்டும்.